எடை கேட்காத உடம்பு

பெங்களூருவில், ஜோகுபாளையத்திலிருந்து பழைய ஏர்போர்ட் ரோட்டில் கிழக்கே போனால் விமானபுரா. விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிலையம் அங்கேதான். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்கான நான்கு விமானிகளின் உடம்பை அணு அணுவாகச் சோதித்த இடம். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். இன்னொருவரான சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 25 அன்று கிளம்பி, விண்வெளி நிலையத்தில் 18 நாள் இருந்துவிட்டு, ஜூலை 15 அன்று திரும்பினார்.

வந்த பிறகு படுக்கையில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்தவர், அதை மூடி, மிதக்கும் என்ற நினைப்பில் பக்கவாட்டில் விட்டுவிட்டார். கீழே விழுந்தது. நல்லவேளை, தரையில் கம்பளம். கையில் வாங்கிய போன்கூடக் கனத்ததாம். மூன்று வாரத்துக்குள் கைக்கு பூமி மறந்துவிடுகிறது.

*

மேலே உடம்பு கெட்டுப்போகிறது என்கிறார்கள். கெடுவதாக எனக்குத் தோன்றவில்லை. இருக்கிற இடத்துக்கு ஏற்ப நடந்துகொள்கிறது, அவ்வளவுதான். காலில் தங்கும் ரத்தமும் நீரும் மேலேறி முகம் உப்புகிறது, கால் மெலிகிறது. ரத்தத்தின் அளவை உடம்பே குறைத்துக்கொள்கிறது. உழைப்பு குறைந்த இதயத்தின் தசை மெல்லச் சுருங்குகிறது. இடுப்பும் தொடையும் தாங்க ஒன்றுமில்லாததால், மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் எலும்பின் அடர்த்தி போகிறது. கரைந்த கால்சியம் சிறுநீரில் இறங்குவதால் கல் உண்டாகும் ஆபத்தும் சேர்கிறது.

கண்ணின் கதை வேறு. நெடுநாள் தங்குகிறவர்களில் பலருக்கு விழியின் பின்புறம் தட்டையாகிறது, பார்வை நரம்பின் முனை வீங்குகிறது. கிட்டத்தில் இருக்கும் எழுத்து மங்குகிறது. காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

*

விண்வெளி நிலையத்தில் 286 நாள் இருந்த சுனிதா வில்லியம்ஸ் போன்றவர்களுக்கு தினமும் சுமார் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி. தோளில் பட்டை மாட்டி, கீழே இழுத்துக் கட்டிக்கொண்டுதான் ட்ரெட்மில்லில் ஓட முடியும். இங்கே சும்மா நின்றாலே கிடைக்கிற பாரத்தை அங்கே கருவி வைத்து வரவழைக்க வேண்டியிருக்கிறது.

வலேரி போல்யாகோவ் ரஷ்ய மருத்துவர். விண்ணில் 437 நாள் இருந்துவிட்டு 1995 மார்ச்சில் இறங்கியவர், கலத்திலிருந்து தன் காலாலேயே நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். செவ்வாயில் இறங்கும் மனிதனால் வேலை செய்ய முடியும் என்று தன் உடம்பைக் கொண்டே காட்டினார். அந்தச் சில அடிகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

*

விண்ணுக்கு அனுப்பாமலே உடம்பின் இந்த மாற்றங்களை ஆராய ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல ஆரோக்கியமான ஆட்களை, தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டிலில் வாரக்கணக்கில் படுக்க வைக்கிறார்கள். சாப்பாடு, குளியல் எல்லாம் படுத்தபடிதான். தசையும் எலும்பும் அங்கேயும் குறைகின்றன.

எங்கள் தெருவில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் ஆயாவிடம் மருமகள் கெஞ்சுவது கேட்கும்: "ஆயா, நாலு அடி வைங்க, நான் பிடிச்சுக்கிறேன்." ஆயாவுக்கு மனசு இருக்கிறது. தொடையில்தான் சதை இல்லை.

சுக்லா செய்த பரிசோதனைகளில் ஒன்று, பெங்களூருவின் இன்ஸ்டெம் ஆய்வு நிலையத்துடையது. எடையற்ற இடத்தில் தசை ஏன் மறுபடி வளரத் திணறுகிறது என்பது அதன் கேள்வி. விடை கிடைத்தால், செவ்வாய்க்குப் போகிறவர்களுக்கு முன்பாக அது ஆயாவின் கட்டிலுக்கு வந்து சேரவேண்டும்.