பிறன் தாழ்வோ என் உயர்வு?

உத்தியோகம் பார்க்கும் எவரும் மேலே உயர விரும்புவர். அவ்விருப்பம் குற்றமன்று, முயற்சிக்கு அதுவே வித்து. ஆயின், ஒருவனது உயர்வை மற்றொருவனது தாழ்வு கொண்டே அளப்பதாயின், அதனை உயர்வென்று கூறலாகுமோ? இவ்வினாவிற்கு விடை காண, அமெரிக்க தேசத்து மென்பொருள் கம்பெனியாகிய மைக்ரோசாஃப்டில் நிகழ்ந்ததை ஆராய்தல் பயன் தரும்.

1975-ஆம் ஆண்டில் பில் கேட்ஸ், பால் ஆலன் என்னும் நண்பர் இருவர் தோற்றுவித்த அக்கம்பெனி, கணினிகளை இயக்கும் விண்டோஸ் என்னும் மென்பொருளால் பெரும்பொருள் ஈட்டியது. கற்றறிந்த வாலிபர் அங்கே வேலை கிடைப்பதைப் பெரும்பேறாகக் கருதினர். அத்தகைய இடத்தில், ஊழியரை ஒருவரோடொருவர் ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறையொன்று 2013 வரை இருந்து வந்தது. மேல்தரத்தில் இத்தனை பங்கு, நடுத்தரத்தில் இத்தனை பங்கு, கீழ்த்தரத்தில் இத்தனை பங்கு என்று விகிதம் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. ஒரு பிரிவில் அனைவரும் நன்றாக உழைத்திருப்பினும், அவருட் சிலர் கடையராக எழுதப்பட்டே தீரவேண்டும். வெகுமதியும் பதவி உயர்வும் அத்தரத்தைப் பொறுத்தே அமைந்தன.

விளைவு யாது? 2012-இல் வானிட்டி ஃபேர் என்னும் அமெரிக்கச் சஞ்சிகை, அங்குள்ள ஊழியரையும் முன்னாள் ஊழியரையும் விசாரித்து நீண்டதொரு கட்டுரை வெளியிட்டது. அயல் கம்பெனிகளோடு போட்டியிட வேண்டியவர் தமக்குள்ளேயே போட்டியிட்டனர் என்றும், திறமை மிக்கார் தம்மையொத்தாரோடு ஒரே குழுவிற் சேர அஞ்சினர் என்றும், அறிந்ததை அடுத்தவனுக்கு முழுதும் சொல்லத் தயங்கினர் என்றும் அதிற் கூறப்பட்டது. இவர்கள் பிறவியிலேயே தீயவரோ? அல்லர். கோணல் தராசில் நிறுக்கப்படுவோர் கோணலாகவே நிற்கப் பழகுவர்.

நம் ரப்பர் தோட்டத்துப் பால் நிறுக்கும் தராசை எண்ணிப் பாருங்கள். அது ஒருத்தி கொணர்ந்த பாலை நிறுக்கும். அடுத்தவள் பாலையும் நிறுக்கும். முன்னவள் பால் கனத்ததென்பதற்காகப் பின்னவள் பாலைக் குறைத்துக் காட்டுவதில்லை. அங்ஙனம் காட்டுமாயின் அதனைக் கள்ளத் தராசு என்போம். நிறுக்கும் கிராணியையும் சும்மா விடோம். பாலுக்கு வேண்டும் நியாயம் மனிதனுக்கு வேண்டாமோ?

நிற்க, போட்டியின்றேல் சோம்பல் மிகும் என்பார் உளர். ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு 1981 முதல் 2001 வரை தலைமை தாங்கிய ஜாக் வெல்ச், ஊழியருள் கடைசிப் பத்துச் சதவிகிதத்தாரை ஆண்டுதோறும் நீக்குவதே நலமென்று வாதித்தார். சோம்பேறியைச் சோம்பேறி என்று சொல்லுதல் நியாயமே. சோம்பேறி இல்லாத இடத்தும் ஒருவனைச் சோம்பேறியாகக் கணக்கெழுதுதல் எங்ஙனம் நியாயமாகும்?

சீர்திருத்தம் விரும்பும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒருவன் செய்கையைக் காணுமுன்பே, கீழே நிற்க ஒரு கூட்டம் வேண்டுமென்று முடிவு கட்டுவதன்றோ சாதி? பிறப்பால் வகுப்பது வேறு, வேலையால் வகுப்பது வேறு என்பர். உண்மையே. இவ்வாண்டு கடையனாக எழுதப்பட்டவன் அடுத்த ஆண்டு ஏறவுங் கூடும். ஆனால் அவன் ஏறின், வேறொருவன் அங்கே இறங்க வேண்டும். ஆள் மாறினும் கீழ்ப்படி அழியவில்லை.

மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இம்முறையைக் கைவிட்டது. 2014 பெப்ரவரியில், ஹைதராபாத்திற் பிறந்த சத்யா நாதெள்ளா அதன் தலைமையை ஏற்றார். நீ யாது செய்தாய் என்பதோடு, பிறர் வெற்றிக்கு எவ்வாறு துணை நின்றாய், பிறர் செய்ததைக் கொண்டு எதனைக் கட்டினாய் என்னும் கேள்விகளும் ஊழியர் மதிப்பீட்டில் இடம்பெற்றன. கேள்வி திருந்தியது, மகிழ்வோம். ஆயினும் அச்சம் ஒழிந்துவிடவில்லை. 2023 ஜனவரியில் அதே கம்பெனி 10,000 பேரை வேலையினின்று நீக்குவதாக அறிவித்தது. நல்ல தராசு மட்டும் தொழிலாளிக்குக் காப்பாகிவிடாது.

முதலாளி பிடித்த தராசை நாம் உடனே மாற்ற இயலாது போகலாம். ஆனால் அதே தராசை நம் நெஞ்சினுள்ளும் தொங்கவிட வேண்டுமென்று நம்மை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நேற்றைய என்னைவிட இன்றைய நான் எவ்வளவு கற்றேன், எத்தனை பேருக்குக் கற்பித்தேன் என்று தன்னைத் தானே கேட்பவன் உயர்வுக்கு ஒருவனும் தாழ வேண்டுவதில்லை. அதுவே சுயமரியாதையுள்ள உயர்வு. அன்பர்கள் சிந்திப்பார்களாக.