எடையைக் குறைச்சிட்டு வா

'மலடி' என்ற சொல்லை ஊரும் சேரியும் பெண்ணின் மேல்தான் எறிந்து வந்திருக்கின்றன. ஆஸ்பத்திரியில் அந்தச் சொல் இல்லை. 'எடையைக் குறைச்சிட்டு வாம்மா, அப்புறம் பார்க்கலாம்' என்கிறார்கள். இது வைத்தியமா, தீர்ப்பா?

வைத்தியத்தின் பக்கம் இருக்கிற உண்மையை முதலில் ஒத்துக்கொள்வோம். உடம்பில் கொழுப்பு கூடும்போது பலருக்கு இரத்தத்தில் இன்சுலின் கூடுகிறது. பாலின ஹார்மோன்களைப் பிடித்து வைக்கிற புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் சுரக்கிறது. பிடி தளர்ந்த ஆண்ட்ரோஜன் உடம்பில் மிகுந்துபோகிறது. அதில் ஒரு பகுதியைக் கொழுப்பே ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. மூளைக்கும் சினைப்பைக்கும் நடக்கிற பேச்சு குழம்பி, மாதாமாதம் முட்டை வெளிவருவது தவறுகிறது. சோதனைக்குழாய் சிகிச்சையில் ஊசி மருந்து கூடுதலாக வேண்டியிருக்கிறது. கரு கலைவது அதிகம், குழந்தை பிறக்கும் வாய்ப்பு சராசரியாகக் குறைவு. இதெல்லாம் பொய்யில்லை.

'சராசரியாக' என்கிற சொல்லில்தான் சிக்கல். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற பி.எம்.ஐ. கணக்கை 1830களில் போட்டவர் பெல்ஜியத்துக் கெத்லே. ஜனக்கூட்டத்தின் சராசரியை அறியப் போட்ட கணக்கு அது. இன்றைக்கு அது வாசலில் காவலுக்கு நிற்கிறது. பிரிட்டனில் பல இடங்களில் 30-ஐத் தாண்டிய பெண்ணுக்கு அரசுச் செலவில் சோதனைக்குழாய் சிகிச்சை கிடையாது.

காத்திருந்து மெலிந்தால் பலன் கூடுகிறதா? நெதர்லாந்தில் பருமனான 577 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். முடிவு 2016-இல் வந்தது. பாதிப்பேருக்கு ஆறு மாதம் எடை குறைக்கும் பயிற்சி, பிறகு சிகிச்சை. மீதிப்பேருக்கு உடனே சிகிச்சை. இரண்டு வருஷத்துக்குள் மாதம் நிறைந்து, சுகப்பிரசவத்தில், ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தை பெற்றவர்கள் பயிற்சி எடுத்தவர்களில் 27.1 சதம், காத்திருக்காதவர்களில் 35.2 சதம். பயிற்சி எடுத்தவர்களில் சிகிச்சையில்லாமலே கருத்தரித்தவர்கள் அதிகம் என்பதையும் மறைக்க வேண்டாம். எடை குறைந்தால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் நல்லது. யோசனையாகச் சொல்லட்டும். கதவைச் சாத்த அது காரணமாகாது.

என் தங்கச்சியோடு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவளுக்கு 34 வயசு. என்ன தின்கிறாய், எத்தனை வேளை தின்கிறாய் என்று நாலு பேர் முன்னால் விசாரித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனுக்கு விந்துப் பரிசோதனை எழுதித் தரவில்லை. ரேஷன் அரிசிச் சோறு வயிற்றை நிரப்புகிற வீட்டில், முட்டைக்கும் காய்க்கும் கணக்குப் பார்க்கிற வீட்டில், 'வாயைக் கட்டு' என்கிற அறிவுரைக்கு என்ன அர்த்தம்? ஆறு மாதம் கழித்து வா என்றால் அந்த ஆறு மாத வயசை யார் திருப்பிக் கொடுப்பது?

'முதல்ல சுத்தமாகு, அப்புறம் கோயிலுக்குள் வா. முதல்ல தகுதியை வளர்த்துக்கொள், அப்புறம் வேலை கேள்.' இந்த வாக்கியத்தைத் தலைமுறையாகக் கேட்டவர்கள் நாம். அதே வாக்கியம் வெள்ளைக்கோட்டு போட்டுக்கொண்டு வரும்போது நமக்கு அடையாளம் தெரிய வேண்டாமா?

பிள்ளை வேண்டாம் என்கிறவளை நான் வற்புறுத்தமாட்டேன். வேண்டும் என்கிறவளிடம் ஆபத்தையும் வாய்ப்பையும் எண்ணிக்கையோடு, அவளுக்குப் புரிகிற தமிழில் சொல்லுங்கள். ஆணையும் சேர்த்துச் சோதியுங்கள். எடையைக் குறைக்கும் வேலையும் சிகிச்சையும் கூடவே நடக்க முடியுமா என்று பாருங்கள். அப்புறம், காத்திருப்பதா வேண்டாமா என்பதை அவள் சொல்லட்டும்.