பொருள் நமது, இஷ்டமும் நமதா?

ஜெர்மனி தேசத்துப் போர்ஷே 911 என்னும் வேக மோட்டார் வண்டியை வாங்குவோருக்குச் சாவியோடு ஒரு கைப்புத்தகமும் கொடுக்கப்படுகிறது. முதல் 3000 கிலோமீட்டர் ஓடி முடியும் வரை எஞ்சினை நிமிடத்திற்குச் சுமார் 4000 சுழற்சிக்கு மேல் போக விடலாகாது என்று அவ்வண்டியின் பல மாதிரிகளுக்கு விதித்திருக்கிறார்கள். எஞ்சினோ ஏழாயிரத்துக்கும் மேல் சுழல வல்லது. பெரும் பணம் கொடுத்து வேகத்தை விலைக்கு வாங்கியவனிடம், அதில் பாதியை இப்போது தொடாதே என்று விற்றவனே சொல்வது வேடிக்கையாகத் தோன்றலாம். பொருள் என்னுடையது, நான் எப்படி மிதித்தால் உனக்கென்ன என்று வாங்கியவன் கேட்பானாயின் அதற்கு விடை யாது?

முதலில் யந்திரத்தின் நியாயத்தைக் கேட்போம். சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாகச் செய்யப்படுவதில்லை. ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மிக நுண்ணிய கீறல்களை அதில் வேண்டுமென்றே இடுகிறார்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள இரும்பு வளையங்கள் இச்சுவரில் உராய்ந்து, கீறல்களின் மேடுகள் தேய்ந்து, இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பள்ளங்களில் எண்ணெய் தங்க வேண்டும். இதற்குள் அளவுக்கு மீறி விரட்டினால் உராயும் இடங்கள் கொதித்து உலோகம் சிராய்ந்து போகும். அதனால் எறும்புபோல் ஊர்ந்து போவதே உத்தமம் என்று நினைப்போரும் ஏமாறுவார்கள். எரியும் வாயுவின் அழுத்தமே வளையங்களைச் சுவரோடு அணைக்கிறது. அவ்வழுத்தம் போதாவிடில் வளையங்கள் பதியாமல், சுவர் பளபளப்பேறி, எண்ணெய் மேலே கசிந்து எரிந்து நீலப்புகையாக வெளிவரும். ஆகவே வேகத்தை ஏற்றியும் இறக்கியும், ஒரே கதியில் நெடுநேரம் நிறுத்தாமலும், எஞ்சின் சூடேறும் முன் வற்புறுத்தாமலும் ஓட்டுவதே முறை. செல்லம் கொடுப்பதும் அடித்து விரட்டுவதும் ஒருங்கே தவறாகும் இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான் என்று நாம் எண்ணியிருந்தோம்!

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் புதுவண்டிக்காரர்கள், எஞ்சினைப் பழக்குகிறோம், தயவுசெய்து முந்திச் செல்லுங்கள் என்னும் பொருள்பட ஓர் அட்டையைப் பின்கண்ணாடியில் வைத்திருப்பார்கள். இப்போது உலோகத்தைக் கடையும் திறமை வளர்ந்துவிட்டபடியால் இவ்வளவு ஜாக்கிரதை வேண்டியதில்லை என்று வாதிப்போர் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் தமது 'எம்' வகை வேக வண்டிகளை 2000 கிலோமீட்டரில் திரும்பக் கொண்டுவரச் சொல்லி எஞ்சின் எண்ணெயை மாற்றுகிறார்கள். செய்தவனுக்கே இல்லாத தைரியம் ஓட்டுகிறவனுக்கு எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

நிற்க. முதல் மாதம் செய்த கொடுமை முதல் வருஷத்தில் தெரிவதில்லை. மூன்று நான்கு வருஷங்களில் அவன் வண்டியை விற்றுவிடுகிறான். எண்ணெய் குடிக்கும் எஞ்சினும் அதற்கான செலவும், கடன் வாங்கி இரண்டாங்கையாக வாங்கிய ஒருவன் தலையில் விழுகின்றன. போர்ஷே வண்டியில் உள்ள கணிப்பொறி எஞ்சின் எல்லை மீறிச் சுழன்றதைக் குறித்து வைக்கிறது; விவரமறிந்தவர்கள் அக்கணக்கைப் பார்த்தே வாங்குகிறார்கள். ஆனால் அது குறிப்பது உச்ச எல்லையை ஒட்டியும் தாண்டியும் நடந்ததை மட்டுமே. முதல் நாளில் ஐயாயிரம் சுழற்சிக்கு விரட்டியதை அது குறிப்பதில்லை. சாட்சியுமில்லை, தண்டனையுமில்லை, கெடுபவனோ முகமறியாதவன். பணம் கொடுத்தவனுக்கு வண்டியின்மேல் உரிமை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. பின்னால் வருகிறவனுடைய பணத்தின்மேலும் அவனுக்கு உரிமை உண்டென்று எந்த ரசீதில் எழுதியிருக்கிறது?

நம்மவர்களின் வழக்கத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. புதுவண்டி வந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சந்தனம் பூசி, சூடம் காட்டி, நான்கு சக்கரங்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். கைப்புத்தகமோ பிரிக்காத உறையோடு பெட்டியில் கிடக்கிறது. கோயில் வாசலைத் தாண்டியதும் நெடுஞ்சாலையில் நூற்றைம்பது! எலுமிச்சம்பழம் நசுங்குவதால் பிஸ்டன் வளையம் பதிவதில்லை என்பதை இக்காலத்திலும் எழுத வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எஞ்சினைப் புதுப்பித்துக் கொண்டுவந்த தோட்டத்து லாரிக்கும் இதே விதிதான். அதை ஓட்டும் டிரைவருக்கு விதி தெரியும். செம்பனைக் குலைகள் வெட்டிய சூட்டோடு ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே பாதிப் பாரம் ஏற்று என்று சொல்ல வேண்டியவர்களே முழுப்பாரம் ஏற்றச் சொல்கிறார்கள். மேட்டில் புகை வரும்போது குற்றம் டிரைவர் பெயரில் எழுதப்படுகிறது. அவனுக்குப் பொறுமை இல்லாமலில்லை. பொறுத்திருக்கும் அதிகாரம் இல்லை. அந்த அதிகாரம் முழுவதும் கையிலிருந்தும், எந்தக் குலையும் அழுகக் காத்திராத வேகவண்டிக்காரர், 3000 கிலோமீட்டர் காத்திருக்க மறுப்பதற்கு என்ன சமாதானம் சொல்வார் என்பதைக் கேட்க நாம் ஆவலாயிருக்கிறோம்.