அப்பத்துக்கு விலை ஆமெனா?



திபேரியாக் கடலுக்கு அப்பால் ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த நம் ஆண்டவர், பந்தியமர்ந்த ஒருவனிடமேனும் "என்னை விசுவசிக்கிறாயா?" என்று கேட்டதாகப் புனித அருளப்பர் எழுதவில்லை. மறுநாள் அவருடைய போதனை கடினமென்று பலர் விலகிப் போனார்கள். போனவர்களிடம் உண்ட அப்பத்துக்குக் கணக்குக் கேட்டாரா?

அகதி என்றால் யாரென்று நமது அம்பாறைக் கரைக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990 ஆகஸ்டில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் பலர் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் ஊரைவிட்டுப் போயினர். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது காரைதீவு, கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை என்று அலை பேதம் பார்க்கவில்லை. இந்நாட்டில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே, 10,000க்கு மேல்.

அந்நாட்களில் இலங்கைக்கு வந்த சில கிறிஸ்தவக் குழுக்கள் நிவாரணப் பொதியோடு செபக்கூட்டத்தையும் சேர்த்துக் கட்டின என்ற குற்றச்சாட்டு எழுந்தது. "அது நாமல்ல, வேறு சபையார்" என்று நாம் தப்பிக்கொள்ள வேண்டாம். கூடாரத்தில் இருப்பவனுக்குச் சபைகளின் வேற்றுமை தெரியாது. அவன் காண்பது சிலுவையை. பிள்ளைக்குப் பால்மா வேண்டி நிற்கும் தாய் எதற்கும் ஆமென் சொல்லுவாள். அந்த ஆமென் விசுவாசமாகுமா? கடவுளின் பெயரால் அவளுக்குப் பொய் பழக்குகிறோம், வேறென்ன?

இந்தப் பாடம் நம் முன்னோர் பட்டறிந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் அரச உத்தியோகம் வேண்டுமானால் அவர்களுடைய சபையில் ஞானஸ்நானம் பெறவேண்டும். பெயருக்குச் சேர்ந்தவர்கள் ஏராளம். ஒல்லாந்தர் போனதும் அந்தக் கூட்டமும் பெரும்பாலும் கரைந்துபோயிற்று. அதே காலத்தில் கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லாமல் கோவையிலிருந்து, அதாவது கோவாவிலிருந்து, பிச்சைக்காரர் கோலத்தில் வந்தார் புனித யோசப் வாஸ். 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது, சொந்தக்காரரே கைவிட்டவர்களை எந்தச் சமயத்தவரென்று பாராமல் பராமரித்தார். அவர் வளர்த்த திருச்சபை இன்றும் நிற்கிறது.

நம் பக்கத்துக் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர், பின்னர் அங்கே படிப்பித்தவர். துறவியானதோ இராமகிருஷ்ண மிஷனில். அதனால் கல்லூரிக்கு என்ன நட்டம்? பெருமைதானே!

ஏழைகளையும் கல்வி குறைந்தவர்களையும் தகாத வழியில் மதத்துக்கு இழுப்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே கண்டித்தது. பிறரன்புப் பணியை மதம் மாற்றும் கருவியாக்கலாகாதென்று 16ஆம் பெனடிக்ற் பாப்பரசர் 2005இல் எழுதினார். சட்டம் தெளிவாகவே இருக்கிறது. நம் பங்குகளின் உதவிப் பட்டியல்தான் சில இடங்களில் தெளிவாக இல்லை. "ஞாயிறு பூசைக்கு ஒழுங்காக வருகிறவரா?" என்ற கேள்வி அதில் இருந்தால், இந்த வாரமே அதை வெட்டிவிடுங்கள்.

உதவி பெற்றவர் தாமாகவே வந்து ஞானோபதேசம் கேட்டால்? சந்தோஷம். ஆனால் முதலில் அவர் வீட்டுக்குக் கூரை ஏறட்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகட்டும். நம்மிடம் பெறுவதற்கு ஒன்றுமில்லை என்றான பிறகும் அவர் அதே கேள்வியோடு வந்தால், அன்றைக்குக் கதிரை போட்டு உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள்.