கைத்திறன் யாருக்குச் சொந்தம்?

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா என்னும் வாழும் காட்சியகம் இருக்கிறது. தென்னாட்டின் பழைய வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து, அங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். 1891இல் சுவீடன் நாட்டில் ஸ்கான்சென் தொடங்கிவைத்த முறை அது. காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும் அவற்றில் ஒன்று.

அரியலூர் மாவட்டத்து மாணவர்களுடன் அங்கே சென்றிருந்தோம். நெசவாளர் மிதியை அழுத்தினார். பாவு இரண்டாகப் பிரிந்தது. இடையே நாடா பாய்ந்தது. அச்சு வந்து ஊடையை நெருக்கியது. கூடியிருந்தோர் கைதட்டினர். "பரம்பரைக் கலை! இரத்தத்திலேயே ஊறியது!" என்று வியந்தார் ஒருவர். ஜெயங்கொண்டம் பக்கத்து மாணவி ஒருத்தி மட்டும் கைதட்டவில்லை. "எங்கள் அம்மாவும் இதைத்தான் செய்கிறார்கள், ஐயா. கைதட்ட யாரும் வந்ததில்லை" என்றாள்.

விடை சொல்ல வாய் எழவில்லை நமக்கு.

தறியைக் காட்டுவது தவறா? இல்லை. கடையிலே விலைச்சீட்டை மட்டும் பார்ப்பவர், இங்கே துணிக்குப் பின்னாலுள்ள உழைப்பைப் பார்க்கிறார். நல்லதே! ஆனால் எதைப் பாராட்டினார் அவர்? திறனையா, பிறப்பையா?

இரத்தத்தில் ஊறியது என்பது புகழ்ச்சி போல் ஒலிக்கும் இகழ்ச்சி. அறுந்த இழையை முடியக் கற்ற நாட்கள், முதுகு வலித்த இரவுகள், அத்தனையையும் அழித்துவிடுகிறது அந்த ஒரு சொல். பிறப்பிலேயே வந்துவிட்ட திறனுக்குக் கூலி எதற்கு என்ற கேள்விக்கும் அதுவே வழி திறக்கிறது. 1953இல் இராசாசி ஆட்சி கொண்டுவந்த கல்வித் திட்டத்தில் இருந்ததும் இந்த எண்ணமே: பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில். குலக்கல்வி என்று நாடு எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. திட்டம் போயிற்று; சொல் போகவில்லை.

அக்காட்சியகத்திலே அக்கிரகாரத்து வீடும் குயவர் வீடும் நெசவாளர் வீடும் ஒரே வளாகத்தில் நிற்கின்றன. ஊரிலே அவை அப்படியா நின்றன? தனித்தனித் தெருக்களில் அவற்றை நிறுத்திவைத்தது எது? வீட்டைக் காட்டுவோர் அந்தத் தெருவையும் காட்டினால்தான் வரலாறு முழுமை பெறும்.

"பிள்ளைகள் விலகினால் கலை அழியாதா?" என்று கேட்கலாம். ஒரு குழந்தையைக் கட்டிப்போட்டால்தான் ஒரு கலை வாழும் என்றால், அந்த விலை நமக்கு வேண்டாம். ஆனால் அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீடு ஊரைச் சொல்கிறது, குலத்தைச் சொல்லவில்லை. விரும்பியவர் எவரும் கற்கட்டும். கற்றவர் குடும்பம் நடத்தக் கூலி கிடைக்கட்டும். கலை தானே நிற்கும்.

தோழர்களே! தறியின் முன் நிற்கும்போது, "எத்தனை தலைமுறையாக?" என்று கேளாதீர்கள். "எத்தனை ஆண்டு கற்றீர்கள்? என்ன கூலி கிடைக்கிறது?" என்று கேளுங்கள். அந்த மாணவி நாளை தறியில் அமரலாம், வழக்குமன்றத்திலும் நிற்கலாம். எதுவானாலும் அது அவள் தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும். அன்று சொல்லத் தவறிய விடை இதுதான்.