என் உடல், அவள் கரு

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான முகாம் அது. ஊசி ஆபத்தானது என்ற வாட்ஸ்அப் செய்திகள் பரவின. பெற்றோர் பலர் தயங்கினார்கள். முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் என் நாத்தனார் கேட்டாள்: "அண்ணி, 'என் உடல், என் உரிமை'ன்னு மேடையில பேசுறீங்களே. என் பிள்ளை உடம்புக்கு மட்டும் நான் முடிவு பண்ணக் கூடாதா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வு நடந்தது. விடுதி மாணவிகள் பலருக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். ஏழைப் பெண்ணின் உடலை அவளைக் கேட்காமலே தொடும் அதிகாரத்தை நாம் எதிர்த்தோம், எதிர்க்கவே வேண்டும்.

தடுப்பூசி எதிர்ப்புக் குழுக்கள் அந்தக் காயத்தைத் தமக்கான முதலீடாக்குகின்றன. நம் முழக்கத்தையும் எடுத்துக்கொள்கின்றன. கோவிட் காலத்தில் அமெரிக்க வீதிகளில் அவர்கள் ஏந்திய பதாகைகளில் அதே வரி இருந்தது.

ஆனால் ரூபெல்லா என் உடலோடு நிற்பதில்லை. குழந்தைக்கு அது பெரும்பாலும் லேசான காய்ச்சல், சிவந்த தடிப்பு. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாயைத் தொற்றினால் கரு கலையலாம். பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, காதுகேளாமை, இதயக் குறை நேரலாம். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இந்தத் தொடர்பைக் கண்டறிந்தது தாய்மார்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டதால்தான். இந்த அறிவின் வேர் பெண்களின் பேச்சு.

உயிருள்ள, வலுக்குறைத்த கிருமியால் ஆனது என்பதால் இந்த ஊசியைக் கர்ப்பிணிக்குப் போடுவதில்லை. எதிர்ப்பாற்றல் இல்லாத கர்ப்பிணிக்கு அரண், சுற்றியிருக்கும் பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான். நான் மறுக்கும்போது இன்னொருத்தியின் கருவுக்கும் சேர்த்து, அவளைக் கேட்காமலே, முடிவெடுக்கிறேன். கம்மத்தில் நாம் எதிர்த்ததும் இதைத்தானே?

இதை நாத்தனாரிடம் சொன்னேன். அவள் முழுதாக நம்பவில்லை. மறுவாரம் பள்ளிக்கு வந்த செவிலியரிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்டாள். அந்தப் பெண் சலிக்காமல் பதில் சொன்னார். அதன் பிறகே கையெழுத்திட்டாள். ஒப்புதல் என்று நாம் இத்தனை காலம் கேட்டுவந்தது அந்த அரைமணி நேரத்தைத்தான்.