சாக்குத் துணியில் ஒரு சாட்சியம்

கலைஞன் நீதிக்காகக் குரல் கொடுக்க வேண்டியவனா, அழகைப் படைத்துவிட்டு ஒதுங்க வேண்டியவனா என்னும் வாதம் நம் இலக்கிய மன்றங்களில் ஓய்ந்தபாடில்லை. மேடையேறாத சில பெண்கள் இதற்கு ஊசியும் நூலும் கொண்டு விடை கூறியுள்ளனர்.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 1973 செப்டம்பர் 11 அன்று தளபதி பினோசே ஆட்சியைக் கைப்பற்றினார். கணவரும் மைந்தரும் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் திரும்பவே இல்லை. சிறைதோறும் சவக்கிடங்குதோறும் அலைந்த பெண்களுக்கு, அப்படி ஒருவர் இங்கில்லை என்பதே மறுமொழியாயிற்று. 1975இல் ஐ.நா. அவையிலேயே அந்நாட்டுப் பிரதிநிதி, காணாமற்போனோர் எனப்படுவோரில் பலர் சட்டப்படி இருந்தவர்களே அல்லர் என்று பொருள்பட உரைத்தார். ஒருவரைக் கொல்வது பாவம். அவர் பிறக்கவே இல்லை என்று சாதிப்பதை என்னென்பது!

தலைநகர் சாந்தியாகோவில் கிறிஸ்தவ சபைகள் பிற சமயத்தாரோடு கூடி அமைத்த சமாதானக் குழுவின் அரவணைப்பில் 1974இல் இப்பெண்கள் தைக்கத் தொடங்கினர். அரசின் நெருக்குதலால் அக்குழு 1975 இறுதியில் கலைக்கப்பட்டது. உடனே 1976 தொடக்கத்தில் கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கெஸ் தம் உயர்மறைமாவட்டத்தின் பெயரால் ஒருமைப்பாட்டுப் பணியகத்தை நிறுவினார். பணி தொடர்ந்தது.

அவர்களுடைய படைப்புக்கு 'அர்ப்பியேரா' என்று பெயர். சாக்குத் துணி என்பதே அதன் பொருள். (விவிலிய மாந்தர் துயருற்றபோது உடுத்தியதும் சாக்கு உடையே அன்றோ?) அடியில் மாவுச் சாக்கு, மேலே வண்ண ஒட்டுத் துணிகள். பின்னணியில் ஆண்டிஸ் மலையும் கதிரவனும்; முன்னே மூடிய ஆலைக் கதவு, தெருவுக்கொரு பொதுக் கொப்பரை, 'எங்கே அவர்கள்?' என்னும் கேள்வி. சிலவற்றில் காணாமற்போனவரின் சட்டைத் துண்டே ஒட்டாக அமைந்தது. பிறக்கவே இல்லை எனப்பட்டவனுக்கு ஒரு சட்டை இருந்தது!

பணியகத்தின் வழியே இவை வெளிநாடுகளில் விற்கப்பட்டன. துயரத்தை விலைபேசலாமா என்ற தயக்கம் நமக்கும் எழாமலில்லை. ஆனால் பசித்த பிள்ளைக்கு ரொட்டி வாங்கியதால் தாயின் சாட்சியம் பொய்த்துவிடுமா? கேள்வி தைத்தவரை நோக்கியது அன்று, வாங்கியவரை நோக்கியது என்றே எண்ணுகிறோம். வரவேற்பறையில் மாட்டி, வண்ணங்களை வியந்து, அக்கேள்வியை வாசியாது விட்டவர் பெற்றது அலங்காரத் துணி மட்டுமே. நம் வீட்டுச் சுவரிலுள்ள பாடுபட்ட சுரூபத்தையும் நாம் பல நாள் அப்படித்தானே பார்க்கிறோம்.

துணியா நீதியைக் கொணர்ந்தது என்று கேட்பின், இல்லை என்போம். 1978இல் லோன்கேன் சுண்ணாம்புச் சூளைகளில் 15 பேரின் எச்சங்களைக் கண்டறிந்து உலகறியச் செய்ததில் பணியகத்தின் வழக்கறிஞர்களுக்குப் பங்குண்டு. 1991இல் அரசு ஆணையம் மாண்டோர் பெயர்களைப் பதிவு செய்தது. அதுவரை அம்மனிதரை மறவாது வைத்திருந்தோருள் இத்தாய்மாரும் இருந்தனர்.

2023இல், 50 ஆண்டுகள் கழித்து, இன்னும் கிடைக்காத ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தேடும் தேசியத் திட்டத்தைச் சிலி அரசே அறிவித்தது. தைத்த தாய்மாருள் பலர் அதற்குள் கண்மூடிவிட்டனர்.